போனுக்குள் பூட்டிய அலைவரிசை

ஊருக்குள் பிஎஸ்என்எல் 4ஜி வந்துவிட்டது. கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது. ஒரே வீட்டில் மகளின் போனில் 4ஜி என்று காட்டுகிறது. அப்பாவின் போன் 2ஜி-யைத் தாண்டி நகர மறுக்கிறது. இரண்டுமே 4ஜி என்று சொல்லி விற்கப்பட்ட போன்கள்தாம். சிம்மை மாற்றிப் போட்டாலும் அதே கதை. போனை அணைத்துப் போடுங்கள் என்கிறார் ஒருவர், சிம் பழசு என்கிறார் இன்னொருவர். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து பிஎஸ்என்எல்லைத் திட்டுகிறார்கள். அந்த நிறுவனம் திட்டு வாங்குவதற்கான காரணங்கள் நிறையவே உண்டு. ஆனால், இந்த வகைப் புகார்களில் ஒரு பகுதிக்கு அது பொறுப்பல்ல. கோபுரம் பேசும் அலைவரிசை அப்பாவின் போனுக்குக் கேட்கவில்லை.

கிராமப்புறங்களில் பிஎஸ்என்எல் 4ஜி பெரிதும் நம்பியிருப்பது 700 மெகாஹெர்ட்ஸை. துறைக்காரர்கள் ‘பேண்டு 28’ என்பார்கள். போனிலிருந்து கோபுரத்துக்கு 703 முதல் 748 வரை, கோபுரத்திலிருந்து போனுக்கு 758 முதல் 803 வரை என்று அதற்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். 1800-ஐயும் 2300-ஐயும் விட இந்த அலைகள் அதிகத் தூரம் போகும். சுவரையும் மரத்தையும் எளிதாகக் கடக்கும். வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு இதைவிடத் தோதான அலைவரிசை இல்லை. 2023 ஜூனில் மத்திய அமைச்சரவை பிஎஸ்என்எல்லுக்கு ஒதுக்கிய ரூ.89,047 கோடித் திட்டத்தில், நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை அடங்கும். 2100-லும் அந்த நிறுவனம் 4ஜி தருகிறது. ஆனால், அது ஊர்க் கோடி வரை எட்டாது.

பிறகு ஏன் அப்பாவின் போனில் பேண்டு 28 இல்லை? அதற்குப் போனைத் திறக்க வேண்டியதில்லை, ஏலக் கணக்கைத் திறந்தால் போதும். 2016 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு அரசு வைத்த அடிப்படை விலை, நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரூ.11,485 கோடி. ஒருவரும் கை தூக்கவில்லை. 2021-ல் ரூ.6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் யாரும் வாங்கவில்லை. 2022-ல் ரூ.3,927 கோடிக்கு இறங்கிய பிறகு ஜியோ 10 மெகாஹெர்ட்ஸை ரூ.39,270 கோடிக்கு எடுத்தது, அதுவும் 5ஜி-க்காக. ஆக, இந்தியாவில் 4ஜி போன்கள் மளமளவென்று விற்றுத் தீர்ந்த அந்த ஆண்டுகளில், 700 மெகாஹெர்ட்ஸ் என்ற சாலையில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. போன் தயாரிப்பவர் என்ன செய்வார்? ஜியோவுக்கு 3, 5, 40. ஏர்டெல், வோடஃபோன், ஐடியாவுக்கு 1, 3, 8, 40, 41. இவை போதும் என்று அச்சடித்து அனுப்பிவிட்டார். அவர் சட்டத்தை மீறவில்லை. அரசும் தன் அலைக்கற்றைக்கு விலை கேட்டது, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் போன் வாங்கியவருக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னது எளிய கதை. சிக்கலே இனிமேல்தான். பேண்டு 28 வேலை செய்யாத போன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அதற்கான உறுப்புகளே இல்லை. மற்றொன்றில் எல்லாம் இருக்கின்றன, மென்பொருள் மட்டும் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நம் கையில் இருக்கும் போன் உண்மையில் இரண்டு கணினிகள். ஒன்று நாம் பார்ப்பது: ஆண்ட்ராய்டு, வாட்ஸ்அப், கேமரா. இன்னொன்று மோடம். அதற்குத் தனிச் செயலி, தனி இயங்குதளம், நினைவகத்தில் தனி அறை. கோபுரத்தோடு பேசுவது அது மட்டுமே. ஆண்ட்ராய்டு அதைக் கேட்டுத்தான் ‘டவர் எத்தனை கோடு’ என்று நமக்குச் சொல்கிறது. மோடத்தை இயக்கும் மென்பொருளைத் தயாரிப்பாளர் தன் எண்முறைக் கையெழுத்தோடு பூட்டியே அனுப்புகிறார். நாமாக ஒன்றை எழுதி உள்ளே ஏற்ற முடியாது. அதே நிறுவனம், அதே மாடலின் இன்னொரு நாட்டுப் பதிப்புக்காகக் கையெழுத்திட்ட மென்பொருளை வேண்டுமானால் ஏற்றிப் பார்க்கலாம். ‘மோடம் ஃபிளாஷ்’ என்று சர்வீஸ் கடைகளில் சொல்வதில் ஒரு பாதி இதுதான்.

மறுபாதி இன்னும் விசித்திரமானது. குவால்காம் சிப் உள்ள போன்களில் எந்தெந்தப் பேண்டுகள் திறந்திருக்கின்றன என்பதை மோடம் ஒற்றை எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். பேண்டு 1-க்கு மதிப்பு 1. பேண்டு 2-க்கு 2, 3-க்கு 4, 4-க்கு 8 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். பேண்டு 5-க்கு 16. பேண்டு 40-ஐ எட்டும்போது அது 54,975 கோடியே 58 லட்சத்து 13 ஆயிரத்து 888 ஆகியிருக்கும். வேண்டிய பேண்டுகளின் மதிப்பையெல்லாம் கூட்டி ஓர் இடத்தில் எழுதினால் அதுவே போனின் அலைவரிசைப் பட்டியல். அதில் 13,42,17,728 என்ற எண்ணைக் கூட்டிவிட்டால், கணக்குப்படி பேண்டு 28 திறந்துகொள்ளும். வேதாளத்தின் புதிர்போல இருந்தாலும் கணக்கு இவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவில், மோடம் மென்பொருளை மாற்றும் டாங்கிளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

எண்ணை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. ஆண்டெனாவுக்கும் மோடத்துக்கும் நடுவே வடிகட்டிகள், பெருக்கிகள், மாற்றுவிசைகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு பேண்டுக்கும், அல்லது நெருங்கிய சில பேண்டுகளுக்கு, தனி வடிகட்டி வேண்டும். அரிசி மணியளவுகூட இல்லாத சில்லு அது. தொழிற்சாலையில் அதைப் பொருத்தாமல் விட்டிருந்தால் மென்பொருளில் எந்த எண்ணை எழுதினாலும் பயனில்லை. மோடம் பேண்டு 28-ஐத் தேடித் தேடிக் களைத்து பேட்டரியைத் தின்றுவிடும். தயாரிப்பாளர்கள் நாட்டுக்கு நாடு போனை மாற்றுவது இந்தச் சில்லுகளின் செலவை மிச்சம் பிடிக்கத்தான். ஆனால், எல்லா மாடலிலும் அப்படி மிச்சம் பிடிப்பதில்லை. ஒரே பலகையை எல்லா நாட்டுக்கும் செய்துவிட்டு, மென்பொருளில் மட்டும் நாடு பிரிப்பதும் நடக்கிறது. உற்பத்திக்கு அது எளிது. ஒவ்வொரு பேண்டையும் சோதித்துச் சான்றிதழ் வாங்கும் செலவும் குறையும்.

மென்பொருள் பூட்டிய இரண்டாம் வகைக்கு, நான் அறிந்தவரை, மிகத் தெளிவான சாட்சி 2012 நவம்பரில் கூகுள் வெளியிட்ட நெக்ஸஸ் 4. எல்ஜி தயாரித்த போன். 4ஜி கிடையாது என்று அறிவித்துத்தான் விற்றார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே குவால்காமின் 4ஜி மோடம் அப்படியே உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கனடாக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டயல் பலகையில் ஒரு ரகசிய எண்ணைத் தட்டி வரும் சோதனைப் பட்டியலில் எல்டிஇ-யை, அதாவது 4ஜி-யை, தேர்ந்தெடுத்தால், ரோஜர்ஸ், பெல், டெலஸ் வலைப்பின்னல்களில் 4ஜி ஓடியது. பேண்டு 4-ல் மட்டும் ஓடியது, மற்றவற்றில் இல்லை. காரணம் எளிது. அந்த அலைவரிசையில் 3ஜி ஓட வேண்டும் என்பதற்காக வடிகட்டியும் பெருக்கியும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. 4ஜி மோடம் அவற்றை இரவல் வாங்கிக்கொண்டது.

2013 பிப்ரவரியில் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2 புதுப்பிப்பு அந்த வாசலை அடைத்தது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் 4ஜி-க்கு ஒப்புதல் வாங்காத போன் அது. கூகுளுக்கு வேறு வழி குறைவு. ஆனால், பயனர்கள் விடவில்லை. பழைய மோடம் மென்பொருளை எடுத்துப் புதிய ஆண்ட்ராய்டின் மேல் ஃபிளாஷ் அடித்தார்கள். மறு மாதம் அமெரிக்காவில் டி-மொபைல் தன் 4ஜி-யைப் பேண்டு 4-லேயே தொடங்கியபோது, ‘4ஜி இல்லாத’ அந்தப் போன்கள் அங்கும் 4ஜி-யில் ஓடின. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் இருந்த திறமையை, வாங்கியவர்களே திருட்டுத்தனமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துவது.

அதற்காக, எல்லோரும் ஃபிளாஷ் அடியுங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பரிந்துரையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், கையில் இரண்டாவது போன் இருப்பவர்கள். ஒரே போனில் வங்கிக் கணக்கு, ஆதார் ஓடிபி, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி எல்லாம் வைத்திருப்பவருக்கு அது சூதாட்டம்.

முதல் ஆபத்து ஐஎம்இஐ. போனின் அந்த 15 இலக்க அடையாள எண், பேண்டுப் பட்டியல் இருக்கும் அதே மோடம் நினைவகத்தில்தான் குடியிருக்கிறது. தவறான கோப்பை ஏற்றினால், அல்லது பாதியில் மின்சாரம் போனால், அந்த நினைவகம் துடைத்து எறியப்படும். பிறகு போனில் ஐஎம்இஐ சுழியமாகக் காட்டும். எந்த சிம்மும் எடுக்காது. ‘பேஸ்பேண்ட் போச்சு’ என்பார் கடைக்காரர். அதைத் திரும்ப எழுதித் தருகிறேன் என்றும் சொல்வார். இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. ஐஎம்இஐ-யைத் திருத்துவதைத் தடுக்க 2017-லேயே விதிகள் வந்துவிட்டன. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி இத்தகைய அடையாளங்களைத் திருத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். திருட்டுப் போன்களை ஒழிக்க இந்தச் சட்டம் அவசியம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பேண்டைத் திறக்கப் போய் தன் எண்ணையே இழந்தவர், அதைத் திரும்ப எழுதக் கடைக்குப் போகும்போது, எந்தக் கருவியை எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தினார் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரரும்தான்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 2023 மார்ச்சில் கூகுளின் ‘பிராஜெக்ட் ஜீரோ’ ஆய்வாளர்கள் சாம்சங்கின் எக்ஸினாஸ் மோடங்களில் 18 ஓட்டைகளை வெளியிட்டார்கள். அவற்றில் நான்கு மிக மோசமானவை. எதிராளியின் தொலைபேசி எண் மட்டும் தெரிந்தால் போதும், அவர் எதையும் தொடாமலேயே மோடத்துக்குள் நுழைந்துவிடலாம் என்ற அளவுக்கு மோசம். சரிசெய்யும் புதுப்பிப்பு வரும் வரை வைஃபை அழைப்பையும், 4ஜி-யிலேயே பேச உதவும் வோல்ட்டி-யையும் அணைத்து வையுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மோடம் மென்பொருள் என்பது வெறும் டவர் பிடிக்கும் சமாச்சாரம் இல்லை, போனின் பின்வாசல் அது. நெக்ஸஸ் பயனர்கள் செய்ததுபோல் ஒரு பேண்டுக்காகப் பழைய மோடத்துக்குத் திரும்பினால், பழைய ஓட்டைகளும் கூடவே திரும்பும்.

மூன்றாவது, அளவுத்திருத்தம். ஒவ்வொரு போனையும் தொழிற்சாலையில் தனித்தனியாகச் சோதித்து, இந்தப் பேண்டில் இவ்வளவு ஆற்றலில் அலை வீச வேண்டும் என்று அளந்து எழுதி வைக்கிறார்கள். திறக்கும் எண்ணம் இல்லாத பேண்டுக்கு அந்த அளவை எடுத்திருக்க மாட்டார்கள். அளவு இல்லாமல் திறந்தால் ஒன்று, சிக்னல் முனகும். அல்லது பக்கத்து அலைவரிசையில் கசியும். உடலில் படும் கதிர்வீச்சுக்கு இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் போன் நிற்கிறதா என்பதைச் சோதித்ததும் திறந்திருந்த பேண்டுகளில்தான்.

அலைவரிசையைப் பயனர்களே மாற்றுவதைக் கண்டு அரசுகள் அஞ்சுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் வைஃபை ரௌட்டர்களின் மென்பொருளை மாற்றி, 5 கிகாஹெர்ட்ஸில் அனுமதியில்லாத பகுதிக்குக் கொண்டுபோனார்கள். விமான நிலையங்களின் வானிலை ரேடார்கள் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. புயல் மேகத்தைப் பார்க்க வேண்டிய திரையில் யாரோ வீட்டு இன்டர்நெட் கோடு கிழித்தது. அதையொட்டி அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் கடுமையான விதிகளைக் கொண்டுவர, டிபி-லிங்க் போன்ற நிறுவனங்கள் ரௌட்டரையே மொத்தமாகப் பூட்டிவிட்டன. பிறகு 2016 ஆகஸ்டில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வேறொரு விதிமீறலுக்காக டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டியபோது, வெளியார் மென்பொருளுக்கு ரௌட்டரில் இடம் தர வழி செய்வதாகவும் ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. அலைவீச்சுப் பகுதியைப் பூட்டு, மற்றதைத் திற என்ற பிரிவினை சாத்தியம்தான் என்று ஆணையமே சொன்னதற்கு அது சமம்.

போன் விஷயத்தில் அச்சத்துக்கு இன்னும் குறைவான இடமே உண்டு. ரௌட்டர் தானாகவே அலை வீசும். போன் அப்படியில்லை, கோபுரம் ஒன்றின் ஒலிபரப்பைக் கேட்டு, அதன் நிபந்தனைகளைப் படித்து, அதன் பிறகே வாய் திறக்கும். எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதையும் கோபுரமே நொடிக்கு நொடி சொல்கிறது. கோபுரம் இல்லாத பேண்டைத் திறந்து வைத்தால் போன் காது கொடுத்துக் காத்திருக்குமே தவிர, எதையும் கெடுக்காது. அரசே ஏலம் விட்ட, அரசு நிறுவனமே பயன்படுத்துகிற ஒரு பேண்டை, உறுப்புகள் உள்ள போனில் தயாரிப்பாளரே அளந்து திறந்து தந்தால், அதனால் யாருக்கு என்ன இடைஞ்சல்?

அது முடியாத காரியமல்ல என்பதற்கு 2022-ன் கடைசி மூன்று மாதங்களே சாட்சி. அக்டோபர் 1 அன்று ஏர்டெல் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5ஜி-யைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2020 முதல், 5ஜி போன் என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் போன்களை வைத்திருந்தவர்கள் ஏர்டெல் கோபுரத்தடியில் நின்று பார்த்தார்கள். பலருக்கு 4ஜி-தான் வந்தது. உறுப்புகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. இந்திய வலைப்பின்னலுக்கான மென்பொருள் மட்டும் திறக்கப்படவில்லை. அதே மாதத்தில் மத்திய அரசு அதிகாரிகள் தயாரிப்பாளர்களை அழைத்துப் பேசினார்கள். வாரங்களில் சாம்சங் போன்களுக்கு வந்தது. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வழியாக ஐபோன்களுக்கு வந்தது. யாரும் போனைக் கடைக்குத் தூக்கிப் போகவில்லை, யாருக்கும் ஐஎம்இஐ அழியவில்லை. இரவில் சார்ஜ் போட்டு வைத்தார்கள், காலையில் 5ஜி இருந்தது. பணக்காரச் சந்தைக்கும் புதிய போனுக்கும் இவ்வளவு சுறுசுறுப்பு காட்டிய அதே ஏற்பாடு, ஐந்து வருடப் பழைய பத்தாயிரம் ரூபாய் போனில் பிஎஸ்என்எல் பேண்டைத் திறக்க ஏன் அசைவதில்லை? அந்தப் போனை வைத்திருப்பவர் புதிதாக ஒன்றை வாங்கினால் தயாரிப்பாளருக்கு லாபம். இதற்கு மேல் விளக்கம் தேவை என்று நான் நினைக்கவில்லை.

எஃப்எம் வானொலி விவகாரமும் இதே ரகம். சிப்பில் இருக்கும் எஃப்எம் வசதியை மென்பொருளில் அணைத்து விற்கும் வழக்கம் பரவியபோது, பேரிடர்க் காலத்தில் வானொலியின் பயனைச் சுட்டிக்காட்டி, அதை முடக்கக் கூடாது என்று 2023-ல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவுறுத்தியது. அமெரிக்காவில் 2017-ல் சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கியபோது, ஐபோனில் எஃப்எம்-ஐத் திறந்துவிடுமாறு தொலைத்தொடர்பு ஆணையத் தலைவர் அஜித் பாய் ஆப்பிளைக் கேட்டார். ஐபோன் 7, 8 மாடல்களில் அதற்கான சிப்பும் இல்லை, ஆண்டெனாவும் இல்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது. கேட்ட பிறகுதான் இருப்பதும் இல்லாததும் வெளியே வந்தது. பேண்டுகள் விஷயத்தில் நம் ஊரில் யாரும் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை.

கேட்காமல் விட்டால் என்னாகும் என்பதை ஆஸ்திரேலியா காட்டிவிட்டது. அந்த நாடு இந்தப் பாடத்தை இரண்டு முறை படித்தது. முதல் முறை சில்லறைச் செலவோடு முடிந்தது. 2012-ல் ஆப்பிள் ‘வைஃபை + 4ஜி’ என்று ஐபேடை விற்றது. ஆனால் அங்குள்ள டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அதில் எடுக்கவில்லை. நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட, ஆப்பிள் 22.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டி, பெயரையும் ‘வைஃபை + செல்லுலார்’ என்று மாற்றிக்கொண்டது. இரண்டாம் முறை விலை அதிகம். 2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜி-யை மூடின. சாதாரண அழைப்பு 4ஜி-யில் போகும், ஆனால் அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்தால் மட்டும் 3ஜி-யைத் தேடும் போன்கள் இருந்தன. இணைய விளையாட்டு ஓடும், வீடியோ ஓடும், ஆம்புலன்ஸை மட்டும் கூப்பிட முடியாது. அத்தகைய போன்களை வலைப்பின்னலில் சேர்க்கவே கூடாது என்று அரசு உத்தரவிட்டது. வெளிநாட்டில் வாங்கிய பல போன்கள் வெறும் கேமராக்கள் ஆயின. 2025-ல் பழைய சாம்சங் மாடல்கள் சிலவற்றில் இன்னொரு வடிவத்தில் இதே கோளாறு தெரிந்தது. தன் வலைப்பின்னல் கிடைக்காதபோது, மூடப்பட்டுவிட்ட வோடஃபோன் 3ஜி-யைத் தேடும்படி அவற்றின் மென்பொருளில் எழுதியிருந்தது. புதுப்பிக்கக் கூடியவற்றுக்குப் புதுப்பிப்பு வந்தது, மற்றவற்றைத் தூக்கியெறிய வேண்டியிருந்தது. மோடத்துக்குள் யாரோ என்றோ எழுதிய ஒரு வரி உயிர்ப் பிரச்சினையாகும் என்று போன் வாங்கிய நாளில் யார் நினைத்திருப்பார்கள்?

நம் நாட்டில் 3ஜி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2ஜி-யையும் என்றாவது ஒருநாள் மூடத்தான் போகிறார்கள். அப்போது அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க 4ஜி-யிலேயே பேசும் வசதி, அதாவது வோல்ட்டி, போனில் திறந்திருக்க வேண்டும். அதுவும் மோடத்துக்குள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதப்படும் அமைப்புதான். 2016-ல் ஜியோ வந்தபோது வோல்ட்டி இல்லாத 4ஜி போன்களுக்கு ஒரு செயலியைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அவசர அழைப்பைச் செயலியை நம்பி விடுவதற்கில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கதிர்வீச்சு அளவைப் போனிலேயே காட்ட வேண்டும் என்று 2012-ல் அரசு விதித்தது. இன்று *#07# என்று தட்டினால் பெரும்பாலான போன்களில் அது திரையில் வந்து நிற்கிறது. அதே திரையில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லலாம். இந்தப் போனின் உறுப்புகள் தாங்கும் பேண்டுகள் எவை, இப்போது திறந்திருப்பவை எவை. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், அது ஏன் என்று கேட்க வாங்கியவருக்கு ஓர் இடம் கிடைக்கும். விற்பனைப் பெட்டியின் மேலும் ‘5ஜி’ என்ற கொட்டை எழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலை அச்சிடலாம். அதிகபட்ச விலையை அச்சிடுகிற இடத்தில் இதற்கு இடம் இருக்காதா?

அடுத்தது கடமை. இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று ஒரு பேண்டைப் பயன்படுத்தத் தொடங்கினால், உறுப்புகள் உள்ள எல்லாப் போன்களுக்கும், விற்பனை நின்று குறைந்தது ஐந்து ஆண்டுகள் வரையிலானவற்றுக்காவது, சோதித்து அளந்த மென்பொருளை இலவசமாகத் தர வேண்டும் என்று விதிக்கலாம். ஐந்து என்பது என் கணக்கு. நான்காகவோ ஆறாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். செலவாகுமே என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். ஆகும்தான். அளவுத்திருத்தமும் சான்றிதழும் சும்மா வருவதில்லை. போன்களைப் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் தரும் குறியீட்டுக்காக 2025 மே மாதம் ஒரு குழு நுகர்வோர் நலத் துறையிடம் அறிக்கை தந்திருக்கிறது. திருகாணி, உதிரிபாகம், கையேடு என்று அது விரியும்போது மோடம் மென்பொருளையும் அந்தக் கணக்கில் சேர்க்காவிட்டால், திரையை மாற்ற முடிந்த போன் டவர் எடுக்காமல் குப்பைக்குப் போகும்.

சர்வீஸ் கடைக்காரர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஐஎம்இஐ-யைத் தொடாமல், நிறுவனமே கையெழுத்திட்ட மோடம் மென்பொருளை ஏற்றித் தர அவர்களுக்கு அதிகாரபூர்வ வழி ஒன்று இருந்தால், இன்று டாங்கிளோடும் எங்கிருந்தோ இறக்கிய கோப்புகளோடும் மல்லுக்கட்டும் அவசியம் பாதியாகக் குறையும். அவர்களில் திறமைசாலிகளுக்கு மோடத்தின் குடல் வரை தெரியும். முறையாகச் செய்ய விடுங்கள்.

இதையெல்லாம் பழைய போன்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸையும் அரசு கடைவிரித்தது. 2016-ல் 700-க்கு நேர்ந்ததேதான் அதற்கும் நேர்ந்தது, ஒருவரும் கேட்கவில்லை. 5ஜி-யில் அதற்கு ‘என்105’ என்று பெயர். வாங்க ஆளில்லாத பேண்டுக்கு வடிகட்டியை யாரும் வலியப் பொருத்தப் போவதில்லை. 700-க்கு நடந்ததுபோல அதன் விலையும் ஒருநாள் இறங்கலாம், யாராவது எடுத்துக் கோபுரத்தில் ஏற்றலாம். அந்த ஏலத்துக்கான அறிவிக்கை எழுதப்படும்போதே, எந்தத் தேதியிலிருந்து விற்கும் போன்களில் அந்தப் பேண்டு இருந்தாக வேண்டும் என்ற வரியையும் தொலைத்தொடர்புத் துறை கூடவே எழுதிவிட வேண்டும். கோபுரம் எழுந்த பிறகு எழுதினால், அதற்குள் கோடிக்கணக்கான போன்கள் விற்று முடிந்திருக்கும்.